பதினெட்டு விநாடிப் போர்

கொரட்டூரில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா பையனும் அவன் சிநேகிதர்கள் ஐந்து பேரும் அங்கே ஏறிவிடுவார்கள். இறங்க ராத்திரி ஒன்பது ஆகும். அவர்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு அறிமுகம் தேவைப்படலாம். ஒருவன் கதை சொல்லி. டி.எம். என்று கூப்பிடுகிறார்கள். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்கிறார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டுகிறார்கள். ஜெயித்தவன், தோற்றவன் என்று யாரும் இல்லை. கதை சொல்பவனும் கேட்பவர்களும் சேர்ந்து கட்டும் ஒரு வாய்மொழிப் பிரதி என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். பையன்கள் காதில் விழுந்தால் சிரிப்பார்கள்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், ஒன்றரை வருஷம் குகை, காடு, பாழடைந்த கோட்டை என்று திரிந்த கதை ஒரு நகர முற்றுகைக்கு வந்து நின்றபோது. வெளியே எட்டாயிரம் ஓர்க்குகள் (அரக்கர் மாதிரி ஒரு சாதி), உள்ளே அறுநூறு காவலர்கள். நடுவில் நம் ஐந்து பேர். வடக்கு வாசலில் மட்டும் நாற்பது ஓர்க், இருபது காவலர் என்று குறைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தான். விதிப்படி ஒவ்வொரு உருவமும் தன் முறை வரும்போது நகர வேண்டும், குறி பார்க்க வேண்டும், பகடை உருட்ட வேண்டும். ஆக அறுபத்தைந்து முறைகள். ஒரு முறைக்கு ஒரு நிமிஷம் ஆனாலும் ஒரு சுற்று முடிய ஒரு மணி ஐந்து நிமிஷம். விளையாட்டுக்குள் ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. மூன்றேகால் மணி நேரத்தில் மூன்று சுற்று ஓடியது. அதாவது பதினெட்டு விநாடி யுத்தம். ஒருத்தன் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். ஒருத்தன் டீ வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை.

"மாமா, நீங்க தமிழ் எம்.ஏ. தானே. நம்ம ஆளுங்க போரை எப்படிச் சொன்னாங்க? அவங்களுக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது?" என்று அன்று ராத்திரி கேட்டான். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில் வந்தது. போகப் போக இது வெறும் உத்தி சம்பந்தமான கேள்வி இல்லை என்று தோன்றியது. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும் மேசைமீது எட்டாயிரம் பேரை நிறுத்த எந்த வழியை எடுத்தாலும், அந்த எட்டாயிரத்தில் யார் ஆள், யார் எண் என்று முதலிலேயே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

*

மேசைப் போரின் வம்சாவளி அரண்மனையில் தொடங்குகிறது. 1812இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்முக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு போர் விளையாட்டு மேசையைக் காணிக்கையாகக் கொடுத்தார். அவருடைய மகன், ராணுவ அதிகாரி, 1824இல் அதை ஒழுங்கான விதிகளோடு வெளியிட்டார். 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்றால் போர் விளையாட்டு, அவ்வளவுதான் அர்த்தம். 1:8000 அளவில் நிலப்படம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் சின்னக் கட்டைகள், ஒரு முறை என்பது இரண்டு நிமிஷப் போர், பகடை, இழப்பு அட்டவணை. இரு தரப்பும் எதிரியை முழுசாகப் பார்க்க முடியாது. கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். நடுவர் ஒருவருக்குத்தான் முழுக் களமும் தெரியும். இன்றைய டி.எம்.மின் கொள்ளுத்தாத்தா இந்த நடுவர்தான். ராணுவத் தலைமை அதைப் படைகளில் பரப்பியது. 1876இல் வெர்டி டூ வெர்னுவா என்ற அதிகாரி அட்டவணைகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்றார். போரைக் கணக்குப் போடுவதா, சொல்வதா என்ற தகராறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அக்கா வீட்டு மாடி வரைக்கும் அது தீரவில்லை.

எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். தரையில் தகரச் சிப்பாய்களை அடுக்கி, வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுட்டு விழுத்துவது. நிஜப் போருக்கு எதிரான வாதமாகத்தான் அந்தப் புத்தகத்தை அவர் முடித்தார். அடுத்த வருஷமே முதல் உலகப் போர் வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1969. அமெரிக்காவில் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரம். டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை ஏற்பாடு செய்கிறார். 'பிரவுன்ஸ்டைன்' என்று ஒரு கற்பனை ஊர். இரண்டு படைகள் அதை நோக்கி வருகின்றன. படைத் தலைவர்கள் போக மீதி ஆட்களுக்கு என்ன கொடுப்பது? ஊர் மேயர், பல்கலைக்கழகத் தலைவர், வங்கிக்காரர் என்று ஊருக்குள் இருக்கும் பாத்திரங்களைக் கொடுத்தார். அவர்கள் மூலைக்கு மூலை தனியாகப் போய் ரகசியம் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் வாள் சண்டைக்கு நின்றார்கள். அதற்கு விதியே கிடையாது. நேரம் முடிந்தது. படைகள் ஊருக்கு வந்து சேரவே இல்லை. வெஸ்லி தன் விளையாட்டு தோற்றுவிட்டது என்று நினைத்தார். ஆடியவர்கள் இன்னொரு தடவை வை என்று கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர் டேவ் ஆர்னெசன். அடுத்து அவர் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டைத் தொடங்கினார். இன்னொரு பக்கம் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிப் புத்தகத்தை வெளியிட்டார்கள். இரண்டும் கலந்து 1974இல் பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. முதல் அச்சு ஆயிரம் பிரதி. நம் சிறுபத்திரிகைக் கணக்குதான்.

ஆக இந்த வடிவத்தின் தோற்றக் கதையிலேயே ஒரு போர் நடக்காமல் போயிருக்கிறது. படைக்குள் கட்டையாக நின்றவன் வரிசையைவிட்டு வெளியே வந்து, எனக்கொரு பெயர் இருக்கிறது, வாய் இருக்கிறது, நான் பேசுவேன் என்றதில் பிறந்த விளையாட்டு இது. அணிவகுப்பிலிருந்து தப்பி ஓடியவனின் கதையாடல் என்று சொல்லலாம். அதற்குள் பெரும்போர் மறுபடி நுழையும்போது, எதிலிருந்து தப்பினோமோ அது திரும்பி வருகிறது. பிராய்டு சொன்ன ஒடுக்கப்பட்டதன் மீள்வருகை. திணறல் ஏன் என்பதற்கு நேரப் பற்றாக்குறையைவிட இதுவே சரியான காரணமாக எனக்குப் படுகிறது.

செயின்மெயிலில் பெரும்போர் விதிப்படி மேசைமேல் நிற்கும் ஒரு பொம்மை இருபது மனிதர்கள். அதே புத்தகத்தின் மாயக்கதைப் பின்னிணைப்பில் 'ஹீரோ' என்று ஒருவன் வருகிறான். அவன் நான்கு ஆள் பலம். 'சூப்பர் ஹீரோ' எட்டு ஆள் பலம். 1974 விளையாட்டில் வீரன் நான்காம் படியை எட்டினால் ஹீரோ, எட்டாம் படியில் சூப்பர் ஹீரோ என்ற பட்டம் இதிலிருந்து வந்ததுதான். நாயகனை அளக்கும் படி எது என்று பாருங்கள். பெயரில்லாத சிப்பாய். எத்தனை அநாமதேயர்களுக்கு ஈடு என்பதே ஒருவனுடைய பெருமை.

அப்புறம் வந்த ஏற்பாடுகள் எல்லாம் இதே கணக்கின் மெருகேற்றல்தான். 1976இல் 'சுவார்ட்ஸ் அண்ட் ஸ்பெல்ஸ்', 1984இல் 'வார் மெஷின்', 1985இல் 'பேட்டில் சிஸ்டம்'. வார் மெஷினைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, நேர்மையான விஷயம். படையின் பயிற்சி, தலைவனின் தகுதி, ஆயுதம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, இரு தரப்பும் நூறுக்குள் ஒரு எண்ணை உருட்டினால் போர் முடிந்தது. வித்தியாசத்தைப் பட்டியலில் பார்த்தால் இத்தனை சதவீதம் சாவு. தாசில்தார் ஆபீஸ் வேலை மாதிரி. 2014இல் வந்த விதிநூலில் கும்பலுக்கென்று ஒரு சின்ன அட்டவணை உண்டு. பகடையில் இருபது விழுந்தால்தான் அடிபடும் அளவுக்குக் கவசம் போட்ட ஒருவனை இருபது பேர் சூழ்ந்தால், உருட்டவே வேண்டாம், ஒரு அடி பட்டதாக வைத்துக்கொள்ளலாம். பத்தொன்பது தேவைப்பட்டால் பத்துப் பேருக்கு ஒரு அடி. இருபது பேர் சேர்ந்து ஒரு அடி. அதில் அடித்தவன் யார்? விதிக்கு அது தேவைப்படவில்லை.

*

மேலை நாட்டான் எண்ணிக்கையில் மாட்டிக்கொண்டான், நம் மரபு மனிதனைப் பார்த்தது என்று எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எழுத முடியவில்லை. பாரதம் குறுக்கே நிற்கிறது. ஓர் அக்குரோணி என்றால் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. கூட்டினால் 2,18,700. துரியோதனன் பக்கம் பதினொன்று, பாண்டவர் பக்கம் ஏழு. பதினெட்டையும் பெருக்கினால் 39,36,600. ஒன்றுக்கு ஒன்று, மூன்று, ஐந்து என்ற விகிதம் பிசகவே இல்லை. எந்தப் பிரஷ்ய அதிகாரிக்கும் இது பிடித்துப்போயிருக்கும்.

இதைவிடக் கொடுமை, நாயகர்களின் அளவீடு. யுத்தத்துக்கு முன்னால் பீஷ்மர் உட்கார்ந்து இரு படைகளிலும் யார் ரதி, யார் அதிரதி என்று தரம் பிரிக்கிறார். மகாரதி என்பவன் பதினாயிரம் வில்லாளிகளோடு தனியாகப் பொருபவன் என்பது வழக்கமான விளக்கம். செயின்மெயிலின் நான்கு ஆள், எட்டு ஆள் எல்லாம் இதன் முன்னால் சில்லறை. கர்ணனின் முறை வருகிறது. பீஷ்மர் அவனை அரை ரதி என்கிறார். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனுக்குக் கணக்கில் அரை. கர்ணன் கோபித்துக்கொண்டு பீஷ்மர் விழும்வரை ஆயுதம் எடுப்பதில்லை என்று விலகிவிடுகிறான். பத்து நாள் போர் அந்த அரையால் திசை மாறுகிறது. எண் என்பது அப்பாவியான பொருள் இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆனால் இந்த 39 லட்சம் பேரைக் கூத்து எப்படி ஆடுகிறது என்பது வேறு கதை. அம்மா ஊர் செய்யாறு பக்கம். சின்ன வயசில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்குக் கூட்டிப் போவார்கள். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. இரண்டையும் தைப்பது போலக் கோயில் சடங்குகள். தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் இன்றும் இந்த மூன்றடுக்கு உண்டு. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இதைப் பற்றி 1988லும் 1991லும் இரண்டு பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார். கூத்துக் குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் போக வேஷக்காரர்கள் மீதி. படை ஏது? படை வராது. கட்டியக்காரன் வாயில் வரும். திரை பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலிருந்து தன் பெயரும் பெருமையும் பாடிக்கொண்டு ஒரு வேஷம் வரும். எதிரில் இன்னொரு வேஷம். இரண்டு பேர் நின்றால் இரண்டு படை.

மூலப் பிரதியிலேயே இதற்கான வழி இருக்கிறது. பதினெட்டு நாளைப் பீஷ்மருக்குப் பத்து, துரோணருக்கு ஐந்து, கர்ணனுக்கு இரண்டு, சல்லியனுக்குக் கடைசி நாள் என்று தலைவன் பேரில் பங்கு பிரித்திருக்கிறார்கள். ஒரு தலைவன் விழுந்தால் ஒரு கட்டம் முடிந்தது. கூத்து அதிலும் கத்தரி போட்டு அரவான் களப்பலி, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று நாலைந்து ராத்திரியாக்கிவிட்டது. இன்னொன்று. கூத்தில் பகடை உருள்வது போருக்கு முந்திய பகடை துகில் ராத்திரியில். சூதில் எல்லாம் தீர்ந்துவிட்டது. யார் சாவார்கள் என்று ஊருக்கே தெரியும். களத்தில் பகடை இல்லை.

இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு களஞ்சியமும் இருக்கிறது. புறத்திணை. எம்.ஏ. படிக்கும்போது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். அப்போது செத்த பட்டியலாகத்தான் தெரிந்தது. அக்கா பையன் கேள்விக்குப் பிறகு புரட்டினால் அது வேறு மாதிரி படிக்கக் கிடைத்தது. வெட்சி ஆநிரை கவர்வது, கரந்தை மீட்பது, நொச்சி மதில் காப்பது, உழிஞை மதில் வளைப்பது, தும்பை களத்தில் கைகலப்பது. ஒவ்வொன்றுக்கும் கீழே துறைகள். துறை என்பது ஒரு காட்சி. மன்னனைப் பகைவர் மொய்த்துக்கொண்டபோது ஒருவன் குறுக்கே பாய்ந்து தாங்கினால் தார்நிலை. தன் படை முதுகு காட்டி ஓட, ஒருத்தன் மட்டும் திரும்பி நின்று துரத்துபவர்களை மறித்தால் எருமை மறம். எருமையின் குணம் தெரிந்தவன் வைத்த பெயர். பெரும்போரை முழுசாகச் சொல்ல முடியாது என்று தெரிந்தவர்கள், எந்த இடத்தில் ஒரு தனி மனிதன் செய்கிற காரியத்தால் போர் திரும்பும் என்று பார்த்து அந்த இடங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். படை பின்னணியில் இரைந்துகொண்டிருக்கட்டும், உன் துறை இது, இதை நீ ஆடு. மேசை விளையாட்டின் கெட்டிக்கார நடுவர்கள் இன்று வந்து சேர்ந்திருக்கும் வழியும் ஏறக்குறைய இதுதான். படைக்குப் பகடை உருட்டாதே. பாலத்தைப் பிடி, கதவைத் திற, செய்தியைக் கொண்டுபோய்ச் சேர் என்று காரியங்களைக் கொடு. அவற்றின் முடிவை வைத்துப் போரை நகர்த்து.

பரணியில் வேறொரு தந்திரம். கலிங்கத்துப் பரணியில் கருணாகரத் தொண்டைமானின் போரை நாம் நேரே பார்ப்பதில்லை. களத்திலிருந்து வந்த ஒரு பேய் காளியிடம் சொல்கிறது. நாம் காளியின் பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்கிறோம். பிறகு பேய்கள் களத்துக்கே போய்ப் பிணங்களை வைத்துக் கூழ் காய்ச்சுகின்றன. உடல்கள் இங்கே எண்ணாகக்கூட இல்லை, பண்டமாகிவிட்டன. இதை ஜெயங்கொண்டாரின் கொடூரம் என்பதா, சோழப் பேரரசுக்குக் கீழே நடந்ததை உள்ளது உள்ளபடி சொன்னார் என்பதா? எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு. பேரரசின் போர் வயிற்றுப்பாட்டில் முடியும் என்று அரசவைக் கவி பேயின் வாய்வழியாகச் சொல்லிவிட்டார்.

படுகளத்துக்கு வருகிறேன். பதினெட்டாம் நாள் காலை கோயில் முன் திடலில் மண்ணால் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். எவ்வளவு பெரிசு என்றால், சின்னப் பையனாக அவன் கட்டைவிரலைப் பார்க்கவே நான் அண்ணாந்திருக்கிறேன். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். பீமன் மண் தொடையில் அடிப்பான், உள்ளே புதைத்த பானை உடைந்து சிவப்பு நீர் வரும், திரௌபதி கூந்தலை முடிவாள். அப்புறம் ஒப்பாரி. எதிரிக்கு. அவன் சாகவேண்டும் என்று ராத்திரி முழுக்க விழித்த அதே பெண்கள் அழுவார்கள். அந்த மண்ணில் ஒரு பிடி வீட்டுக்குப் போகும். கொங்குப் பக்கம் அண்ணன்மார் படுகளத்தில் இன்னும் ஒரு படி மேலே. வேஷமே கட்டாத சாதாரண ஆட்கள் அருள் வந்து களத்தில் செத்து விழுந்து கிடப்பார்கள். தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டும். இங்கே பெயரில்லாப் படை என்பது எண் இல்லை. ஊர்க்காரனே கிடக்கிறான். அவன் பெயர் சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியும்.

ஊர்க்காரன் என்று எழுதிவிட்டு அப்படியே நகர முடியாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இருப்பதும் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில்தான். தலித்துகள் உள்ளே வந்தார்கள் என்று 2023 ஏப்ரலில் தகராறு வந்து, ஜூனில் வருவாய்த்துறை பூட்டி முத்திரை வைத்தது. நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில்தான் அவர்கள் போலீஸ் காவலோடு உள்ளே போய்ச் சாமி கும்பிட முடிந்தது. பாரதத்தில் படுகளம் விழுவதற்குக்கூட உரிமை வேண்டியிருக்கிறது. கூத்துக் கலையின் பெருமையைப் பேசும் நம்முடைய கருத்தரங்குகளில் இது வருவதில்லை.

*

கொரட்டூரிலிருந்து மின்சார ரயிலில் மேற்கே போனால் ஐந்தாவது நிறுத்தம் ஆவடி. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. மாடியில் ஆடும் பையன்களில் ஒருவனுடைய அப்பா டாங்கித் தொழிற்சாலையில் வேலை. இந்தப் பக்கத்துக்காரனுக்குப் போர் என்றால் ஷிப்டு நேரம், ஓவர்டைம், போனஸ். களம் எப்போதும் வேறெங்கோ இருக்கும்.

2009இல் அந்தக் களம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் அப்போது மாணவன். ஜனவரியிலிருந்து மே வரை தினமும் வரைபடம் பார்த்தோம். அம்புக்குறிகள், நிறம் மாறும் பகுதிகள், விரல் அகலத்துக்குச் சுருங்கிக்கொண்டே போன கடற்கரை. படைப்பிரிவுகளின் எண்களை ஒப்பிக்கும் அளவுக்குத் தேறியிருந்தோம். விடுதி அறையில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, இப்படித் திரும்பியிருக்கலாம், அந்தப் பக்கம் உடைத்திருக்கலாம் என்று விவாதித்திருக்கிறோம். நாங்கள் ஆடியதும் கிரீக்ஸ்ஷ்பீல்தான் என்று இப்போது தெரிகிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 2011இல் ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு, 40,000 வரை குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்றது. அதற்குப் பிறகு அந்த எண்ணைக் கூட்டுவதும் குறைப்பதுமே அரசியலாகிவிட்டது. வார் மெஷின் அட்டவணையின் சதவீதம் மாதிரி.

அப்படியென்றால் பெயர் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தொறுவுக்காகச் சண்டை போட்டுச் செத்தான். பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்ததாம். நாய்க்குக்கூடப் பெயர் உண்டு! வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கிறேன். யாருடைய மாடு? எந்தத் தலைவனுக்காக? கல் அடுத்த வீட்டுப் பையனையும் கூப்பிடுகிறது. மாவீரர் துயிலும் இல்லங்களில் வரிசை வரிசையாகப் பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்கள் அழுகைக்கும் பயன்பட்டன, ஆள் சேர்க்கவும் பயன்பட்டன. போர் முடிந்ததும் இலங்கை ராணுவம் அவற்றை இடித்துத் தள்ளியது. கோப்பாயில் கல்லறைகளுக்கு மேலேயே படைத் தலைமையகம் கட்டினார்கள். ஒரு தரப்பு பெயரைப் பயன்படுத்தியது, மறு தரப்பு பெயரை அழித்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைப்பது நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. இரண்டும் சமம் என்று நான் சொல்லவில்லை. பெயர் கொடுப்பவன் தானாகவே நல்லவனாகிவிடுவதில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

*

இதையெல்லாம் அக்கா பையனிடம் சொல்லவில்லை. புறப்பொருள் துறைகளையும் கூத்தையும் மட்டும் சொன்னேன். மீதியை அவனே செய்துகொண்டான். எட்டாயிரம் பேருக்கு ஒரு பகடைகூடக் கிடையாது. முற்றுகையை வடக்கு வாசல், தானியக் கிடங்கு, ஏரி மதகு, வெளியேற்றம் என்று நான்கு கட்டமாகப் பிரித்தான். (மதகு கொரட்டூர் ஏரியிலிருந்து வந்திருக்க வேண்டும்.) ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு துறை. ஐந்தில் மூன்று பலித்தால் அந்தக் கட்டம் நகரத்துக்கு, இல்லையென்றால் முற்றுகையிட்டவனுக்கு. இது வரைக்கும் என் ஆலோசனை.

அடுத்தது அவனுடையது. ஆளுக்கு இருபது காவலர்கள் என்று பிரித்து, இருபது பெயர் எழுதிய தாள் ஒன்றை ஒவ்வொருவனிடமும் கொடுத்தான். நூறு பெயருக்கு எங்கே போவது? பத்தாம் வகுப்பில் அவர்கள் படித்த ஏ, பி இரண்டு பிரிவின் வருகைப் பதிவேட்டையும் ஞாபகத்திலிருந்து வரிசையாக எழுதிவிட்டான். துறை பலிக்காமல் போனால் ஆறு முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணிக்கைக்குத் தன் கையாலேயே பெயர்களை அடிக்க வேண்டும். அடிக்கும் பெயர்களில் ஒன்றைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். முதல் கட்டத்தில் கேலியாகத்தான் இருந்தது. "இவன் கணக்குல எனக்குக் காட்டவே மாட்டான் டா, சாவட்டும்" என்று ஒருத்தன் சந்தோஷமாக அடித்தான். கிடங்கு எரிந்தபோது கேலி குறைந்தது. யாரும் தூங்கவில்லை.

நாலாவது கட்டம் எருமை மறம். ஜனங்கள் தெற்கு வாசல் வழியாக வெளியேறும்வரை பாலத்தை ஒருத்தன் மறிக்க வேண்டும். டாங்கித் தொழிற்சாலைக்காரர் மகனிடம் பன்னிரண்டு பெயர் பாக்கி இருந்தது. "நான் மட்டும் நிக்கிறேன். இவங்களை அனுப்ப மாட்டேன்" என்றான். தனியாக நின்றால் பாலம் விழும் என்று டி.எம். சொன்னான். "அப்போ கதவைத் திறந்துவிட்ருவோம். சரண்டர்." மற்றவர்கள் கத்தினார்கள். சரணடைந்தால் உள்ளே இருப்பவர்களை விட்டுவிடுவார்கள் என்று என்ன நிச்சயம் என்று ஒருத்தன் கேட்டான். அந்தக் கேள்வி வந்ததும் நான் மாடிப்படிக்கு எழுந்து போய்விட்டேன். முக்கால் மணி நேரம் பகடை உருளாமல் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மூன்றுக்கு இரண்டாக வாக்களித்துக் கதவைத் திறந்தார்கள். அவன் மாசக்கணக்காகத் தயார் செய்து வைத்திருந்த டிராகன் வரவே இல்லை. அக்கா பையனுக்கு ரொம்ப வருத்தம், சொதப்பிவிட்டது என்றான். எனக்குப் பிரவுன்ஸ்டைன் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் மாடியைப் பெருக்கப் போன அக்கா தாள்களோடு கீழே வந்தாள். பாதிப் பெயர்கள் அவளுக்குத் தெரிந்த பிள்ளைகள், அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள். "ஏண்டா, உசுரோட இருக்கிற பசங்க பேரையா இப்படி அடிச்சு வச்சிருக்கீங்க?" என்று அவனைப் பிடித்துத் திட்டினாள். விளையாட்டும்மா என்றான். அவள் கேட்கவில்லை. அடித்த பெயர்களின்மேல் ஒவ்வொன்றாக மஞ்சள் தொட்டு வைத்து, ஐந்து தாளையும் மடித்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவனுக்கு அந்தத் தாள்கள் வேண்டும். கேட்கப் பயப்படுகிறான்.